கீழ்ப்பாதி யார் வாரம்

விடிகாலை மூன்றரை மணிக்கு அடுக்களை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, லெஸ்டர் பெல்டோ சாலையைக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. இருட்டும் பனியும்தான். மாவட்டத்துப் பனி தள்ளும் லாரி வளைவில் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே இன்று யார் ஓட்டுகிறார், எவ்வளவு வேகம், போகிற போக்கில் தங்கள் வண்டிப்பாதையின் வாயில் எவ்வளவு உயரத்துக்கு வரப்பு கட்டிவிட்டுப் போவார் என்று சொல்லிவிடுவார். "கைல்தான். அந்தப் பயலுக்கு என்னதான் அவசரமோ. தொடை உயரம் இருக்கும்" என்பார் மனைவி பெவ்விடம். போய்ப் பார்த்தால் தொடை உயரம் இருக்கும்.

இந்த ஞானம் சும்மா வந்ததில்லை. அதே லாரியை முப்பத்தொரு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில், ஏரிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் இந்தக் கோடியில், அக்டோபர் கடைசியில் பிடிக்கும் பனி ஏப்ரலுக்கு முன்னால் விட்டதாகச் சரித்திரம் இல்லை. கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கும் கிழவர்களுக்கு அவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "ஊரான் வாசலையெல்லாம் முப்பது வருஷம் அடைச்ச. இப்ப உன் வாசல். நல்லா அனுபவி" என்பார்கள். "நான் ஓட்டினப்ப வாசல் வந்தா பனி தள்ளற தட்டைத் திருப்பிருவேன்" என்று லெஸ்டர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். யாரும் நம்புவதில்லை. அவரே முழுக்க நம்புகிறாரா என்பது சந்தேகம்.

வயது எழுபத்து நான்கு. ஒடிசலான, நெடிய உருவம். கார் கொட்டகையின் உள்சுவரில் அன்றன்று விழுந்த பனியின் அளவைப் பென்சிலால் எழுதி வைப்பார். பத்தொன்பது குளிர்காலங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். பேச்சு குறைவு. அவருடைய ஒரு "ம்"முக்குச் சரி என்று பொருள், கொஞ்சம் இழுத்தால் வேண்டாம் என்று பொருள். நாற்பத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் பெவ்வுக்கு மட்டும்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். யாராவது கை கொடுக்க வந்தால் அவர் சொல்வது ஒன்றே: "பரவால்ல, பழகிருச்சு."

அந்த வண்டிப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து மேட்டில் ஏறி இருநூறு அடி போகிறது. மேலே இடது கைப்பக்கம் பெல்டோ வீடு, வலது கைப்பக்கம் சாப்பூ வீடு. பாதை முழுதும் சாப்பூக்களின் நிலத்தில் இருக்கிறது. பெல்டோக்களுக்கு அதில் வழிப்பாத்தியம் மட்டும் உண்டு. 'இரு வீட்டாரும் பாதையைச் சரிபாதியாய்த் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியது' என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் பனிக்காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். பாதியில் நிற்கும் மின்கம்பத்துக்கு மேலே, வானத்திலிருந்து விழுந்த சுத்தமான பனி. தள்ளினால் போகும். கம்பத்துக்குக் கீழே, லாரி கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன வரப்பு. உப்பும் மண்ணும் பனிக்கட்டியும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். இரண்டும் எப்படிச் சரிபாதி ஆகும்? லெஸ்டரின் அப்பாவும் அந்த வீட்டு அப்பாவும் ஒரு குளிர்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த வாரம் கீழ்ப்பாதி உனக்கு, மேல்பாதி எனக்கு. அடுத்த வாரம் மாறிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வாரம் மாறும். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, ஒருதரம்கூட 'இது யார் வாரம்' என்ற கேள்வி எழுந்ததில்லை.

தள்ளுவதற்கு இங்கே எல்லோரிடமும் இருப்பது ஸ்கூப். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு ஒரு தகரத் தட்டு, அதற்கு இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வளைந்த கைப்பிடி. தூக்க வேண்டாம், சறுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். புதிதாக வந்தவர்கள் நவம்பர்ப் பனியைப் பாதை ஓரத்திலேயே தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜனவரியில் இரண்டு பக்கமும் சுவர் எழும்பி நெருங்கும், பிப்ரவரியில் கார் கண்ணாடி உரசும். லெஸ்டர் முதல் பனியை நாற்பது அடி தள்ளி, வயலின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். பிப்ரவரிக்கு இடம் விட்டு வைக்கிறார். சாப்பூ வீட்டு டானும் அப்படித்தான் செய்வார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை உண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

டான் மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பரில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் பத்து அங்குலம் பனி. டான் வீட்டுக்குக் கீழ்ப்பாதி வாரம். லெஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. புருஷனைப் புதைத்த மறுநாள் அர்லீன் வந்து கட்டி உடைப்பதா என்று விடிவதற்குள் எழுந்துபோய் வரப்பை உடைத்துப் பாதையைத் திறந்துவிட்டார். சாப்பூ வீட்டு ஜன்னலில் திரை விலகியது, மூடியது. நன்றி என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார். அடுத்த நாளும் தள்ளினார். அதற்கடுத்த வாரமும், அந்தக் குளிர்காலம் முழுவதும், அதன் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலமும் தள்ளினார். தன் வாரம், அர்லீன் வாரம் என்ற பேச்சே இல்லாமல் கீழ்ப்பாதி முழுக்க அவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அர்லீன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அறுபத்தொன்பது வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, பிரெஞ்சுக்கார வம்சத்துக் குட்டைப் பெண்மணி. மேல்பாதியை மொத்தமாகத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அதோடு நிற்காமல் பெல்டோ வீட்டுக் கார் கொட்டகை வாசலையும், படிக்கட்டையும், குப்பைத்தொட்டிக்குப் போகும் வழியையும் வழித்துத் துடைத்து வைத்தார். "பாவம், தனியா இருக்கா. பொழுது போகணுமில்ல" என்றார் லெஸ்டர். பெவ் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அது பொழுதுபோக்கு இல்ல, லெஸ்" என்றார். லெஸ்டர் அதற்கு இழுத்த "ம்" ஒன்று போட்டார்.

பெவ்வுக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்குப் பக்கத்து ஊரான ஹான்காக்கில் டயாலிசிஸ். ஆறேகாலுக்கு வண்டி பாதையைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும் என்று அங்கே இருக்கும் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ஆகவே லெஸ்டருக்குக் கீழ்ப்பாதி என்பது வெறும் பனி இல்லை. தூக்கத்திலும் அவர் காது சாலைமேல்தான் இருக்கிறது.

இந்த ஜனவரியில் அவருடைய வலது தோள் போய்விட்டது. வரப்பிலிருந்த ஒரு கட்டியைப் புரட்டும்போது உள்ளே எதுவோ துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. அன்றிலிருந்து இடது கையால் சவரம், இடது கையால் காப்பி. கோட்டு மாட்டும்போது வலது கையைப் பெவ் பிடித்து நுழைத்துவிட வேண்டும். அறுவை செய்ய வேண்டும், செய்தால் ஆறு மாதம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். "மே மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு லெஸ்டர் வந்துவிட்டார். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்கூப்பை இடது கையாலும் வயிற்றாலும் முட்டித் தள்ளிக்கொண்டு, முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்ததை இரண்டரை மணி நேரத்தில் முடித்தார். அலுத்துப்போனார். சாப்பிடும்போதே கண் சொக்கியது. சனிக்கிழமை சௌனாவில், அந்த வெந்நீராவிக் குளியலறையில், உட்கார்ந்தால் எழுந்து வரத் தெம்பில்லாமல், பெவ் வந்து கதவைத் தட்டும்படி ஆகிவிட்டது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, பெவ் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார்.

"அர்லீன் போறா."

"எங்க?"

"க்ரீன் பே, விஸ்கான்சின்ல. கர்ட் அடுக்கு வீடு பாத்து வச்சிருக்கானாம். லிஃப்ட் இருக்காம். பனியே தொட வேண்டாமாம். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறான்." கர்ட் என்பது அர்லீனின் மகன்.

"அவளுக்கு இஷ்டமா?"

"இஷ்டம்னா எங்கிட்ட ஏன் அழறா?"

லெஸ்டர் ரொட்டித் துண்டை வைத்துவிட்டார். அர்லீன் அழுது அவர் கேள்விப்பட்டதில்லை. டானின் அடக்கத்தில்கூட அழவில்லை. "இஷ்டமில்லன்னா இருந்துட்டுப் போறா. யார் தள்ளிவிடறா?"

"நீதான்."

"நானா?"

"கிறிஸ்துமஸுக்கு வந்தான் இல்ல கர்ட், அப்பப் பாத்திருக்கான். அவ வாரம். அவ உள்ள உக்காந்திருக்கா, நீ வெளில தள்ளிட்டிருக்க. அம்மாவால இதுகூட முடியல, பக்கத்து வீட்டுக் கிழவர்தான் பாவம் பாத்துத் தள்ளிக் குடுக்கறார்னு முடிவு கட்டிட்டான். என்னால முடியும்டான்னு அவ சொன்னா நம்பல. கண்ணால பாத்தேனேங்கறான். அவ என்னத்தச் சொல்லுவா?"

"ஒத்தாசைதானே பண்ணேன்."

"அவ கேட்டாளா?"

"அவ கேக்க மாட்டா."

"நீ மட்டும் கேட்டுக் கிழிச்சிருக்க. கை தொங்கிட்டுக் கெடக்கு, எதுத்த வீட்டுல ஒரு மனுஷி ரெண்டு கையோட உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை சொன்னியா? ரெண்டு பேரும் இப்படியே வீம்புல சாவுங்க." பெவ் கோபமாகச் சொல்லவில்லை. முந்தின நாள் டயாலிசிஸ் ஆனால் மறுநாள் அவருக்குக் கோபப்படத் தெம்பிருக்காது. "அவ போயிட்டா அந்த வீட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தெக்க இருக்கற டவுன்காரங்கதான் வாங்குவாங்க. ஜூலைல வந்து மீன் சுட்டுத் தின்னுட்டு ஆகஸ்டுல போயிருவாங்க. அப்புறம் பாதை மொத்தமும் உனக்குத்தான். நல்லாத் தள்ளு."

அன்று முழுதும் லெஸ்டர் கொட்டகையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பயமாக இருந்தது அவருக்கு. இருநூறு அடிப் பாதை, ஒரு கை, வாரம் மூன்று நாள் ஆறேகால் மணி. அதைவிடக் கூச்சம் அதிகமாக இருந்தது. மூன்று வருஷமாகத் தான் செய்த நல்ல காரியம் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் மகன் தாய்க்கு எதிராகச் சாட்சி வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை பதினோரு அங்குலம் விழுந்திருந்தது. கீழ்ப்பாதி அர்லீனின் வாரம், அதில் சந்தேகமில்லை. பழக்கம் பொல்லாதது. காலையில் அவர் கால்கள் அவரைக் கேட்காமல் கீழே இறங்கி வரப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. ஒரு ஓரம் உடைத்திருப்பார், லாரி இரண்டாம் தடவை வந்து உடைத்ததையும் மூடிவிட்டுப் போயிற்று. மறுபடி ஆரம்பித்தார். பதினொன்றரைக்கு, விஸ்கான்சின் எண் போட்ட கார் ஒன்று உள்ளே வர வழியில்லாமல் சாலையோரத்தில் நின்றது. கர்ட் இறங்கி வந்தான். நாற்பது வயது, சுத்தமான ஷூ.

"குடுங்க மிஸ்டர் பெல்டோ. இந்த வயசுல நீங்க எதுக்கு. அம்மாவுக்காக இவ்வளவு பண்றீங்க, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இனிமே உங்களுக்கு இந்தச் சிரமம் இருக்காது."

லெஸ்டர் கைப்பிடியை விடவில்லை. "பரவால்ல, பழகிருச்சு" என்று சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார். ஸ்கூப்பை அங்கேயே விட்டுவிட்டு மேட்டில் ஏறினார். அர்லீன் அன்று மேல்பாதியைத் தொட்டிருக்கவில்லை, முழங்கால் வரைக்கும் பனி. என்ன ஏது என்று புரியாமல் கர்ட் பின்னாலேயே வந்தான். நாற்பது வருஷத்தில் அந்த வீட்டுக் கதவை லெஸ்டர் பாத்திரம் திருப்பித் தரத் தட்டியிருக்கிறார், சாவுக்குத் தட்டியிருக்கிறார். எதையும் கேட்கத் தட்டியதில்லை. இடது கையால் தட்டினார்.

உடனே கதவு திறந்தது. அர்லீன் கம்பளித் தொப்பி, கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"எங்கயாவது கிளம்பறியா?" என்றார் லெஸ்டர்.

"எங்கயும் இல்ல. என் வாரத்துல தினமும் இப்படித்தான் உடுத்திட்டு உக்காந்திருப்பேன். மூணு வருஷமா. வெளில வந்தா நீ முடிச்சுட்டு நிப்ப."

லெஸ்டருக்கு அது தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு பனி ஒட்டிய தன் கால்சட்டையைப் பார்த்தார்.

"அர்லீன், எனக்குத் தோள் போயிருச்சு."

"எப்ப?"

"ஜனவரில. கை மேல வரல. கீழ்ப்பாதி என்னால முடியல."

"இது என் வாரம்."

"தெரியும். நான் தள்ளியிருக்கக் கூடாது. தப்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் கர்ட் நிற்பது தெரிந்தேதான் பேசினார்; இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினார். "நாளைல இருந்து என் வாரம். அதையும் நீதான் பாத்துக்கணும். திங்கக்கிழமை பெவ்வைக் கூட்டிட்டுப் போகணும். நீ இல்லன்னா எங்களால வெளில வர முடியாது. இதைக் கேக்கத்தான் வந்தேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி அர்லீனும் கேட்டதில்லை. அர்லீனுக்குக் கண் கலங்கியது, அதைக் குளிர்மேல் பழி போட்டு கையுறையால் துடைத்துக்கொண்டார்.

"மேல்பாதி?"

"ஒத்தைக் கையால தள்ளிருவேன்."

"கார் கொட்டகை வாசலை நான் தொட மாட்டேன். அது உன்னோடது."

"சரி."

"சொல்லித் தொலைக்கறதுக்கு மூணு வருஷமா உனக்கு?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் இருவரையும் விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கர்ட்டும் லெஸ்டரும் கீழே வந்து சேர்வதற்குள் அர்லீன் வேலையைத் தொடங்கியிருந்தார். வரப்பை அடியில் முட்டவில்லை. மேலேயிருந்து மண்வெட்டியால் கேக் வெட்டுகிற மாதிரி பாளம் பாளமாக வெட்டி ஸ்கூப்பில் சரித்தார். முழங்காலை முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு, பாதை ஓரத்தில் கொட்டாமல், வயல் விளிம்பு வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடி வெட்டினார். முகம் சிவந்து, மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. மூன்றாவது தடவை ஒரு பெரிய கட்டியில் ஸ்கூப் சிக்கி நின்றது.

"அம்மா, இரு, நான் வரேன்" என்று கர்ட் கால் எடுத்து வைத்தான்.

லெஸ்டரின் இடது கை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டது. "அது அவ வாரம்" என்றார்.

அர்லீன் இரண்டு தடவை பின்னால் இழுத்தார், ஒரு தடவை இடுப்பைக் கொடுத்து நெம்பினார். கட்டி புரண்டது. லெஸ்டருக்கு உடம்பு முழுதும் முன்னால் போகத் துடித்தது. கர்ட்டைத் தடுத்த கையை மெல்ல இறக்கினார். அந்தக் கையாலேயே தொங்கிக்கொண்டிருந்த வலது கையைத் தூக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு இடது கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.